ஒரே வேலைக்கு இரண்டு வழி: லினக்ஸ் பக்கங்கள் குடிபெயர்ந்த கதை

பழைய கம்ப்யூட்டர்களைப் பற்றி நான் எழுதும்போதெல்லாம் நண்பர்கள் சிலர், "எல்லாம் அந்தக் காலத்துக் கதையாகவே இருக்கிறதே, இப்போது நடப்பதைப் பற்றியும் எழுதக் கூடாதா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதனால் இன்று 2006இல் தொடங்கி 2021இல் ஒரு கட்டத்துக்கு வந்த ஒரு சரித்திரம். இதில் ராஜாவும் இல்லை, போரும் இல்லை. சில நூறு வரி நிரல் எழுதப்பட்டது, எட்டு வருஷத்துக்கு மேல் இருந்தது, பிறகு அழிக்கப்பட்டது. அவ்வளவுதான். ஆனால் அலுவலகத்தில் பேரேடு பார்த்தவர்களுக்கு இந்தக் கதை நன்றாகவே புரியும்.

லினக்ஸ் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்களும் அதைத் தினமும் தொடுகிறார்கள். உங்கள் ஆண்ட்ராய்டு போனின் அடியில் இருப்பது லினக்ஸ்தான். வங்கி, ரயில் டிக்கெட் என்று எதை எடுத்தாலும் பின்னால் எங்கோ ஒரு சர்வரில் அது ஓடிக்கொண்டிருக்கும். அதன் நடுப்பகுதியை கெர்னல் என்பார்கள். எந்த புரோகிராமுக்கு எவ்வளவு மெமரி, எந்த இடத்தில் என்று பங்கிட்டுக் கொடுப்பது கெர்னலின் பொறுப்பு.

மெமரியைக் கெர்னல் பக்கம் பக்கமாகப் பிரித்துத்தான் கொடுக்கும். சாதாரணமாக ஒரு பக்கம் 4096 பைட். இந்தப் பக்க ஏற்பாடு புதிதல்ல. இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் குழுவினர் கட்டி 1962 டிசம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட அட்லஸ் கம்ப்யூட்டரிலேயே 512 சொற்கள் கொண்ட பக்கங்கள் இருந்தன. புரோகிராம் தன் மெமரிக்கு ஒரு முகவரி வைத்திருக்கும். உண்மையான இடம் வேறாக இருக்கும். இரண்டையும் இணைக்க நடுவில் ஓர் அட்டவணை. ஆகவே பக்கத்தைத் தூக்கி வேறு இடத்தில் வைத்துவிட்டு அட்டவணையில் எண்ணை மாற்றிவிட்டால் போதும், புரோகிராமுக்குத் தெரியவே தெரியாது. கேட்க எளிதாக இருக்கிறது. தகராறு முழுக்க "தூக்கி வைக்கும்போது" என்ற அந்த ஒரு நொடிக்குள்தான் இருக்கிறது.

எதற்காகப் பக்கத்தை இடம் மாற்ற வேண்டும்? அதற்கு நூமா என்ற வார்த்தையைச் சொல்லியாக வேண்டும். பெரிய சர்வர்களில் பல பிராசஸர்கள் இருக்கும். எல்லா மெமரியையும் ஒரே மூலையில் வைத்தால் அத்தனை பேரும் ஒரே குழாயடியில் குடத்தோடு நிற்க வேண்டியதுதான். அதனால் ஒவ்வொரு பிராசஸருக்கும் பக்கத்திலேயே கொஞ்சம் மெமரியை வைத்தார்கள். தன் வீட்டுக் குழாயில் பிடித்தால் சீக்கிரம். அடுத்த தெருக் குழாயிலும் பிடிக்கலாம், ஆனால் நேரமாகும். இப்படி அமைந்த மெஷின்தான் நூமா. புரோகிராம் ஒரு பிராசஸரில் ஓடிக்கொண்டிருக்க, அதன் பக்கங்கள் அடுத்த தெருவில் கிடந்தால் வேகம் குறையும். பக்கங்களை ஓடும் இடத்துக்கே கொண்டுவந்துவிட்டால் நல்லது.

இந்த வகையில் பெரிய மெஷின்களைச் செய்தது சிலிக்கான் கிராஃபிக்ஸ் கம்பெனி. அவர்களுடைய ஆல்டிக்ஸ் என்ற மெஷினில் 512 பிராசஸர்கள் ஒரே லினக்ஸின் கீழ் ஓடின. அமெரிக்காவின் நாசா நிறுவனம் 2004இல் அப்படி ஒன்றுக்கு வைத்த பெயர் 'கல்பனா'. முந்தைய ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதி கொலம்பியா ஓடத்தில் உயிரிழந்த நம் கல்பனா சாவ்லாவின் நினைவாக. அதே 2004இல் அதையும் சேர்த்து இருபது ஆல்டிக்ஸ்களை இணைத்து 'கொலம்பியா' என்ற சூப்பர் கம்ப்யூட்டரை அமைத்தார்கள். மொத்தம் 10,240 பிராசஸர்கள். விஷயத்துக்கு இது அவ்வளவாகத் தேவையில்லை. ஆனால் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

அந்த சிலிக்கான் கிராஃபிக்ஸில் வேலை பார்த்த கிறிஸ்டோஃப் லாமீட்டர்தான் லினக்ஸில் பக்கக் குடிபெயர்ப்பைக் கொண்டுவந்து சேர்த்தவர். வேலையை முதலில் தொடங்கியவர் அவரல்ல. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெமரி அட்டையைக் கழற்றி மாட்ட வழி செய்யும் ஒரு திட்டம் இருந்தது. கழற்றுவதற்கு முன் அதிலுள்ள பக்கங்களைக் காலி செய்தாக வேண்டுமல்லவா? அதற்காக இவாமோட்டோ தோஷிஹிரோ, ஹிரோகாசு தகாஹாஷி என்ற இரு ஜப்பானியர்களும் அமெரிக்காவின் டேவ் ஹான்சனும் முன்பே எழுதியிருந்தார்கள். லாமீட்டர் தன் கோப்பின் தலைப்பிலேயே, முக்கிய ஆசிரியர்கள் என்று அவர்கள் பெயரையும் எழுதிவைத்தார். இன்னொருவன் உழைப்பைத் தன் பெயரில் மேலே அனுப்பும் அதிகாரிகளைப் பார்த்தவன் என்பதால் இது என் கண்ணில் தனியாகப் பட்டது.

2006 மார்ச்சில் வந்த லினக்ஸ் 2.6.16இல் இந்த வசதி நுழைந்தது. லாமீட்டரின் முதல் வரைவுகள் சுற்று வழியில் போயின: பக்கத்தை டிஸ்க்கில் உள்ள ஸ்வாப் பகுதிக்குத் தள்ளிவிடு, புரோகிராம் மறுபடி கேட்கும்போது வேண்டிய இடத்தில் இறக்கு. மதுரையிலிருந்து திருச்சிக்குச் சாமான் அனுப்ப சென்னை குடோனில் போட்டு எடுத்ததுபோல. பிறகு நேரடியாக நகலெடுக்கும் வழி வந்தது. அதே வருஷம் செப்டம்பரில் வந்த 2.6.18இல் ஸ்வாப்பை நம்பாத, இன்றுவரை நிலைத்திருக்கும் ஏற்பாடு வந்தது. அதை மட்டும் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

கோயிலில் அலங்காரம் நடக்கும்போது சந்நிதியில் திரை போட்டுவிடுவார்கள். வந்தவர்கள் வெளியே நிற்பார்கள். அலங்காரம் முடிந்ததும் திரை விலகும், தரிசனம் கிடைக்கும். கெர்னலும் அதையே செய்கிறது. பக்கத்தை எடுக்கும் முன் அட்டவணையில் அதன் எண்ணை எடுத்துவிட்டு, "இது இடம் மாறிக்கொண்டிருக்கிறது" என்ற ஒரு குறிப்பை வைக்கிறது. அந்தப் பக்கத்தை எத்தனை புரோகிராம்கள் பகிர்ந்தாலும் எல்லாருடைய அட்டவணையிலும் வைக்கிறது. அந்நேரம் யாராவது வந்து தொட்டால் அங்கேயே காத்திருக்க வேண்டும். உள்ளே நகல் எடுத்தாகிறது. புது எண்ணை எழுதித் திரையை விலக்கினால் காத்திருந்தவர் தொடர்ந்து போகலாம். இதற்குத் தனிக் கோப்பு, பொது வழி. நூமாவுக்காக மட்டுமல்ல, 2010இல் 2.6.35 வந்தபோது சிதறிக் கிடக்கும் காலி இடங்களை ஒன்றுசேர்க்கும் வேலைக்கும் மெல் கோர்மன் இதே வழியைத்தான் எடுத்துக்கொண்டார். உங்கள் போன் கேமராவுக்கு ஒரே தொடராகப் பெரிய இடம் வேண்டும்; அங்கே குடியிருக்கும் பக்கங்களைக் காலி செய்வதும் இதே வேலைதான்.

இதுவரை சுகம். சிக்கல் பெரும் பக்கங்களால் வந்தது.

மெமரி ஜிகாபைட் கணக்கில் வளர்ந்தபோது 4096 பைட் பக்கம் சில்லறைக் காசு மாதிரி ஆகிவிட்டது. எண்ணி மாளாது. இத்தாலிக்காரர் ஆண்ட்ரியா ஆர்காஞ்செலி, 2011 மார்ச்சில் வந்த 2.6.38இல், புரோகிராமுக்கே தெரியாமல் 512 சின்னப் பக்கங்களை ஒன்றாகச் சேர்த்து 2 மெகாபைட்டுக்கு ஒரே பக்கமாகக் கொடுக்கும் ஏற்பாட்டைச் சேர்த்தார். அட்டவணையில் 512 வரிக்குப் பதில் ஒரே வரி. நல்ல லாபம். ஆனால் பொதுக் குடிபெயர்ப்பு வழிக்குச் சின்னப் பக்கங்களைத்தான் தெரியும். பெரும் பக்கத்தை நகர்த்தச் சொன்னால் முதலில் 512 துண்டாக உடைக்கும். சேர்த்த லாபம் போயிற்று.

2012இல் இன்னொரு சண்டை நடந்தது. புரோகிராம் எங்கே ஓடுகிறது என்று பார்த்து, யாரும் சொல்லாமலே கெர்னலாகவே பக்கங்களை அருகில் கொண்டுவர வேண்டும் என்பதில் எல்லாருக்கும் சம்மதம். எப்படி என்பதில்தான் தகராறு. ஆர்காஞ்செலி ஒரு வழி வைத்திருந்தார். பீட்டர் ஜில்ஸ்ட்ரா வேறொரு வழி. மாதக்கணக்கில் வாதம். கடைசியில் மெல் கோர்மன் இருவருக்கும் பொதுவான அஸ்திவாரத்தை மட்டும் கட்டி, "மேல் மாடி யாருடையது என்று பிறகு பேசலாம்" என்கிற மாதிரி நடுவில் நின்றார். லினஸ் டோர்வால்ட்ஸ் அதையே ஏற்றுக்கொள்ள, 2013 பிப்ரவரியில் 3.8இல் வெளியாயிற்று. பங்காளிச் சண்டையில் ஊர்ப் பெரியவர் ஒருவர் முதலில் பொதுச் சுவரைக் கட்டிவிட்டுத்தான் பஞ்சாயத்துப் பேசுவார், அதைப் போல.

அந்த 3.8இல்தான் நம் கதையின் இரண்டாம் வழி பிறந்தது. பெரும் பக்கத்தை உடைக்காமல் நகர்த்த வேண்டும். பொது வழிக்கு அது தெரியாது. தெரியவைக்க வேண்டுமென்றால் பெரும் பக்கத்துக்கும் திரைக் குறிப்பு வைக்கும் வசதி வேண்டும். அப்படி ஒரு புதுக் குறிப்பை வைத்தால், கெர்னலில் அட்டவணையைப் படிக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் அதை அடையாளம் காணச் சொல்லித்தர வேண்டும். ஓரிடத்தில் விட்டுப்போனாலும் ஆபத்து. அது வருஷக்கணக்கு வேலை. எனவே அவசரத்துக்கு, நூமா வேலைக்கு மட்டும், பெரும் பக்கத்தை நகர்த்தத் தனியாக ஒரு வழி எழுதினார்கள். மூலம் ஜில்ஸ்ட்ராவுடையது, பலர் கை பட்டது, கோர்மன் சேர்த்தார்.

அது எப்படி வேலை செய்தது என்பதும் சுவாரசியம்தான். ஒரு பக்கத்தை எந்தப் பிராசஸர் பயன்படுத்துகிறது என்று அறிய, கெர்னல் வேண்டுமென்றே அதன் கதவைச் சிறிது நேரம் சாத்திவைக்கும். யார் வந்து தட்டுகிறார்கள் என்று பார்க்கும். தட்டியவர் அடுத்த தெருக்காரர் என்றால் பக்கத்தை அவர் தெருவுக்கு மாற்றும். தனி வழியில் திரை கிடையாது. ஏற்கனவே சாத்தியிருக்கும் இந்தக் கதவையே திரையாக வைத்துக்கொண்டார்கள், கூடவே பக்கத்துக்கு ஒரு பூட்டு. அந்தப் பக்கத்தை வேறு யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்று ஆள் எண்ணிக்கை பார்ப்பார்கள். எண் இரண்டுக்கு மேல் போனால் வேலையைக் கைவிடுவார்கள். கெட்டிக்காரத்தனமான வேலை. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு வேறு வழியில்லை.

ஆனால் அன்றிலிருந்து ஒரே வேலைக்கு இரண்டு பேரேடு ஆயிற்று. இதன் அபாயம் என்ன என்பதற்கு ஓர் உதாரணம். பிராசஸர் அட்டவணையை ஒவ்வொரு தடவையும் புரட்டாது. சமீபத்தில் பார்த்த எண்களைத் தன்னிடமே குறித்து வைத்துக்கொள்ளும். கெர்னல் கதவைச் சாத்தினால், "உன் பழைய குறிப்பை அழி" என்று எல்லாப் பிராசஸர்களுக்கும் சொல்லியனுப்ப வேண்டும். சாத்துவதற்கும் சொல்லியனுப்புவதற்கும் நடுவில் சின்ன இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் ஒரு பிராசஸர் பக்கத்தை நகலெடுக்க ஆரம்பிக்க, இன்னொன்று தன் பழைய குறிப்பை நம்பிப் பழைய பக்கத்திலேயே எழுதினால்? எழுதியது பழைய இடத்தோடு போயிற்று. புது இடத்தில் அது இல்லை. புரோகிராம் தான் எழுதியது இருக்கும் என்று நம்பி அடுத்த கணக்கைப் போடும். எந்த எச்சரிக்கையும் வராது. அந்த மெமரியில் இருந்தது யாருடைய வைப்புத்தொகையோ, யாருடைய ரத்தப் பரிசோதனை முடிவோ, யார் கண்டார்?

2013 டிசம்பரில் ரிக் வான் ரீலும் மெல் கோர்மனும் இந்த ஓட்டையை அடைத்தார்கள். 2014 ஜனவரியில் வந்த 3.13இல் அது சேர்ந்தது. கவனிக்க வேண்டியது, சின்னப் பக்கங்களின் வழியிலும் தனி வழியிலும் தனித்தனியாக அடைக்க வேண்டியிருந்தது. ஒரு நோய், இரண்டு உடம்பு. அந்த இரண்டு ஆண்டுகளில் தனி வழிக்கென்றே கோர்மன் போட்ட ஒட்டுகள் இன்னும் பல.

இந்த இடத்தில் நான் பார்த்த ஒன்றைச் சொல்லலாம். எண்பதுகளில் ஓர் அலுவலகக் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன்; பெயர் வேண்டாம். அங்கே கோபால் மொழியில் எழுதிய சம்பளப் புரோகிராமில் அகவிலைப்படிக் கணக்கு இரண்டு இடத்தில் இருந்தது. மாதச் சம்பளத்துக்கு ஒன்று, நிலுவைத் தொகைக்கு ஒன்று. எனக்கு முன்னால் இருந்த யாரோ, நிலுவை அவசரத்துக்காக நகலெடுத்து வைத்தது. ஒரு தடவை அகவிலைப்படி ஆணை வந்து விகிதம் மாறியபோது முதல் இடத்தில் மாற்றினார்கள். இரண்டாவது இருப்பதே பொறுப்பிலிருந்தவருக்குத் தெரியவில்லை. முந்நூறு பேருக்கு மேல் நிலுவை குறைவாகப் போயிற்று. அவர்களில் ஓய்வுபெற்ற ஒரு டிரைவர், கையில் ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் போட்ட கணக்கோடு வந்து கவுண்டரில் நின்றார். "கம்ப்யூட்டர் தப்புச் செய்யாது ஐயா" என்று அவரை மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். அவர் கணக்குத்தான் சரி என்று தெரிய ஆறு வாரம் ஆனது. இரண்டு நகல் என்றாலே எனக்கு அந்தத் துண்டுச் சீட்டுத்தான் ஞாபகம் வரும்.

லினக்ஸுக்குத் திரும்புகிறேன். பெரும் பக்கத்துக்கும் திரைக் குறிப்பு வைக்கும் நீண்ட வேலையை ஜப்பானின் நவோயா ஹோரிகுச்சி, அப்போது அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஸி யான் இருவரும் செய்து முடித்தார்கள். 2017 நவம்பரில் வந்த 4.14இல் அது சேர்ந்தது. பொது வழிக்கு இப்போது பெரும் பக்கமும் தெரியும், உடைக்கத் தேவையில்லை. அப்படியென்றால் தனி வழியின் தேவை அன்றே தீர்ந்துவிட்டது. ஆனால் யாரும் அதைத் தொடவில்லை. ஓடிக்கொண்டிருக்கிறது, ஏன் கை வைக்க வேண்டும்? அரசு அலுவலகமோ கெர்னலோ, இந்த மனசு ஒன்றுதான். இன்னொன்றும் உண்டு. புதிதாக ஒன்றைக் கட்டினால் பெயர் கிடைக்கும். பழையதைப் பத்திரமாக இடிப்பவனுக்கு, ஏதாவது உடைந்தால் திட்டு மட்டும் நிச்சயம்.

மூன்று வருஷத்துக்கு மேல் ஆன பிறகு யாங் ஷி என்பவர் 2021இல் அதைக் கையில் எடுத்தார். அவர் வைத்த வாதம் சிக்கலானதே அல்ல. தனி வழி எழுதப்பட்டபோது பொது வழியால் முடியவில்லை, 4.14 முதல் முடிகிறது. இனி இன்னொன்றை வைத்திருப்பதில் அர்த்தமில்லை. ஆனால் வாதம் எளிது என்பதால் வேலை எளிதாகிவிடாது. தனி வழியில் கதவு சாத்தியபடி, பூட்டோடு எல்லாம் நடக்கும். பொது வழியில் திரை போட வேண்டும். இந்த மாற்றத்தால் நடுவில் யாராவது புகுந்தால் என்னாகும் என்று ஒவ்வொரு சந்திலும் நின்று பார்க்க வேண்டும். வேகம் குறைகிறதா என்று அளந்தும் பார்த்தார். அன்று தனி வழியைச் சேர்த்த மெல் கோர்மனே உட்கார்ந்து இந்த மாற்றத்தைப் பரிசீலித்தார் என்பது எனக்குப் பிடித்த பகுதி. தான் கட்டிய சுவரைத் தன் முன்னாலேயே இடிக்க, "இந்தக் கல்லைப் பார்த்து எடு" என்று பக்கத்தில் நின்று சொல்வதற்கு ஒரு மனசு வேண்டும்.

ஒரு சின்ன வழக்கு எஞ்சியிருந்தது. நூமா ஏற்பாடும் பெரும் பக்கமும் இருந்த நான்கு வகை மெஷின்களில் மூன்றுக்குப் புதிய திரை வசதி அப்போது இருந்தது. ஐ.பி.எம்.மின் மெயின்ஃபிரேம் வகைக்கு மட்டும் அப்போது இல்லை. தனி வழியை எடுத்துவிட்டால் அங்கே பெரும் பக்கம் நகராது. நகர்த்த முடியாத பக்கத்தின் கதவைச் சாத்தி யார் தட்டுகிறார்கள் என்று பார்ப்பது வெட்டி வேலை. ஆகவே அந்த வகையில் பெரும் பக்கங்களின் கதவைச் சாத்தவே வேண்டாம் என்று ஒரு சோதனையைச் சேர்த்தார்கள். இழப்பு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, அதை மறைக்காமல் எழுதிவைத்தே செய்தார்கள்.

2021 ஆகஸ்டு 29ஆம் தேதி வெளியான 5.14இல் தனி வழி இல்லை. 'இடம் தப்பிய பெரும்பக்கத்தை மாற்று' என்ற பொருளில் நீளமான ஆங்கிலப் பெயர் கொண்ட அந்தச் செயல்பாடு நீங்கியது. சின்னப் பக்கமோ பெரும் பக்கமோ, தட்டியவர் தெருவுக்குப் போவது ஒரே வழியில்தான். எந்த செய்தித்தாளிலும் வரவில்லை, வரவும் தேவையில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பெரும் பக்கத்துக்குத் திரை கொடுத்து இரண்டு வழிகளை ஒன்றாக்க இடம் செய்த அதே 4.14இல், ஜெரோம் க்ளிஸ் என்பவர் எழுதிய வேறொரு குடிபெயர்ப்பு வழியும் உள்ளே வந்தது. கிராஃபிக்ஸ் அட்டைகள் தங்களுக்குள் வைத்திருக்கும் மெமரிக்கும் சாதாரண மெமரிக்கும் இடையே பக்கங்களை மாற்ற. அதுவும் திரை போடுகிறது, நகலெடுக்கிறது, திரையை விலக்குகிறது. ஆனால் தன் வழியில், தன் நிரலில். 2022இல் கிறிஸ்டோஃப் ஹெல்விக் அதைப் பொதுக் கோப்பிலிருந்து பிரித்துத் தனிக் கோப்பில் வைத்தார்.